உட்கார ஓர் இடம்

சென்னை கோட்டூர்புரத்தில் உள்ள அண்ணா நூற்றாண்டு நூலகம் 12 லட்சம் நூல்களை வைக்கலாம் என்ற கணக்கில் கட்டப்பட்டது. எட்டு ஏக்கர் வளாகம், ஒன்பது தளங்கள். குழந்தைகளுக்கு ஒரு பகுதி, பார்வையற்றோருக்குப் பிரெயில் பகுதி, தமிழ் நூல்களுக்குத் தனித் தளம் என்று பார்த்துப் பார்த்துப் பிரித்த அந்தக் கட்டடத்தில், காலையிலேயே போனால்தான் இடம் கிடைக்கும் என்ற நிலையில் ஒரு பகுதி இருக்கிறது. நூலகத்தின் நூல் ஒன்றுகூட அங்கே கிடையாது. வருகிறவர்கள் வீட்டிலிருந்து எடுத்துவரும் சொந்தப் புத்தகங்களைப் படிப்பதற்கான பகுதி அது.

அங்கே ஒரு மேசையைச் சற்று நெருங்கிப் பார்த்தால் ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் இருக்கும். அதன் கீழே ஏழாம் வகுப்புச் சமூக அறிவியல், ஒன்பதாம் வகுப்பு அறிவியல். ஓரம் மடங்கி, வரிக்கு வரி மஞ்சள் மார்க்கர் ஓடிய புத்தகங்கள். பக்கத்தில் தண்ணீர் பாட்டில், கைபேசி, நடப்பு நிகழ்வுகளைக் குறித்துவைத்த நோட்டு. படித்துக்கொண்டிருப்பவருக்கு வயது இருபத்தைந்தைத் தாண்டியிருக்கும். பட்டம் வாங்கிச் சில ஆண்டுகள் ஆகியிருக்கும். அரசுப் பணித் தேர்வுக்குப் பள்ளிப் பாடப்புத்தகமே அடிப்படை என்பதால் பொறியியல் முடித்தவரும் ஆறாம் வகுப்பிலிருந்து மறுபடி தொடங்குகிறார். 2024இல் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட பணியிடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 20 லட்சம் பேர். அத்தனை பேருக்கும் வேலை கொடுக்க எந்த அரசாலும் முடியாது. நாற்காலி கொடுக்க முடியும். அதைக் கொடுத்திருக்கிறது.

இதைக் கண்டு மனம் நோகும் படிப்பாளிகள் உண்டு. நூலகம் டியூஷன் சென்டராகிவிட்டது, இலக்கிய அலமாரிப் பக்கம் ஆளே இல்லை, இதற்கா இவ்வளவு பெரிய கட்டடம் என்று கேட்பார்கள். கேட்பவர்களின் வீட்டில் பெரும்பாலும் படிப்பதற்கென்று ஓர் அறை இருக்கும். இல்லாவிட்டாலும் ஒரு மேசை, அதற்கு மேலே ஒரு விளக்கு, சத்தம் போடாதே என்று பிள்ளைகளை அதட்டும் உரிமை இருக்கும். ஒற்றை அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டில் தொலைக்காட்சி ஓடும், குக்கர் விசிலடிக்கும், தம்பி அங்கேயே தூங்குவான். அந்த வீட்டிலிருந்து வருகிறவருக்கு நூலகம் தரும் முதல் இரவல், இடம். நூல் அதற்குப் பிறகுதான்.

ஊரில் வேறு எங்கே போவார்? தேநீர்க் கடையில் ஒரு டீ எவ்வளவு நேரம் தாங்கும்? ஏசி வைத்த காபிக் கடையில் ஒரு காபியின் விலைக்கு அவருடைய ஒரு நாள் சாப்பாடு முடிந்துவிடும். கோயிலில் உச்சிவேளை முடிந்தால் நடை சாத்திவிடுவார்கள். கடற்கரையில் வெயில். பகல் பன்னிரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில், காசு கேட்காமல், காரணம் கேட்காமல், கூரையும் மின்விசிறியும் தண்ணீரும் தந்து ஒருவரை உட்காரவிடும் பொது இடம் நம் நகரங்களில் அநேகமாக நூலகம் ஒன்றுதான். பெண்களுக்கு அது இன்னும் பெரிய விஷயம். வீட்டை விட்டு ஒரு பகல் முழுவதும் வெளியே இருக்க, பெரியவர்கள் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்ளும் காரணங்கள் மிகச் சில. 'லைப்ரரிக்குப் போயிட்டு வர்றேம்மா' என்பது அவற்றில் ஒன்று.

பொது இடம் என்றதும் நமக்குத் திண்ணை ஞாபகம் வந்துவிடும். வழிப்போக்கன் களைப்பாற வீட்டுக்கு வெளியே திண்ணை கட்டிய சமூகம் நாம் என்று உருகுவோம். எந்த வழிப்போக்கன் உட்காரலாம், எவன் தெருவுக்குள்ளேயே வரக் கூடாது என்று அந்தத் திண்ணைக்கு நன்றாகத் தெரியும். உள்ளே வருபவரின் ஊரும் குலமும் கேட்காத கூரை இங்கே புதியது. பொது நூலகம் என்ற கட்டட வகையின் பெருமை அதில்தான் இருக்கிறது. கண்ணாடிச் சுவரிலும் தானியங்கிப் படிக்கட்டிலும் இல்லை.

இதை முதலில் முறையாகச் சொன்னவர் சீர்காழியில் பிறந்த ஒரு கணக்கு வாத்தியார். எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது முதல் விதி. சொல்லிப் பார்த்தால் மிக எளிமையாக இருக்கும். அந்த விதியை விளக்கும்போது நூலகம் எங்கே இருக்க வேண்டும், எத்தனை மணி நேரம் திறந்திருக்க வேண்டும், அறைகலன் எப்படி இருக்க வேண்டும், ஊழியர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்றெல்லாம் எழுதுகிறார். நூலைப் பூட்டிக் காப்பதே நூலகரின் கடமை என்று நம்பிய காலத்தில், வாசகர் கைக்கு எட்டாத நூல் இருந்தும் இல்லாததே என்று அவர் வாதாடினார். அதே 1931இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் ஒரு நடமாடும் நூலகத்தை வடிவமைத்தார், தொடங்கிவைத்தவர் ரங்கநாதன். கட்டடமே இல்லாத அந்த நூலகம் ஊர் ஊராக வாசகரைத் தேடிப் போயிற்று. இன்றைய கட்டடக் கலைஞர்கள் கணினித் திரையில் வரைந்து காட்டும் 'மக்களை வரவேற்கும் நூலகம்' என்ற எண்ணத்தை இரண்டு மாடுகள் இழுத்துச் சென்றிருக்கின்றன.

அந்த எண்ணத்தை உலகம் பெரும் பொருட்செலவில் கட்டிப் பார்த்திருக்கிறது. சில இடங்களில் எங்கே சறுக்கியது என்பது நமக்கும் பாடம்.

சீனாவில் தியான்ஜின் பின்ஹாய் நூலகம் 2017இல் திறக்கப்பட்டது. நெதர்லாந்தைச் சேர்ந்த எம்.வி.ஆர்.டி.வி. நிறுவனம் வடிவமைத்தது. நடுவில் வெண்ணிறக் கோளம், சுற்றிலும் அலையலையாக விதானம் வரை எழும் அலமாரிகள். அந்தப் படம் உலகத்தின் எல்லாக் கைபேசிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. மேலே உள்ள அலமாரிகளை எட்ட, அவற்றின் பின்புறத்தில் அறைகள் திட்டமிடப்பட்டிருந்தன. அவசரமாகக் கட்டி முடித்ததில் அந்த வழி கைவிடப்பட்டது. அதனால் உயரத்து அடுக்குகளில் நூல்களுக்குப் பதிலாக, நூல்களின் முதுகைப் படமாக அச்சிட்ட அலுமினியத் தகடுகளைப் பொருத்தினார்கள். நிழற்படத்துக்கு அது போதும். யாரும் கேட்க முடியாத நூல், யாரும் திருட முடியாத நூல். பழைய காலத்து நூலகர் கண்ட கனவு அலுமினியத்தில் நிறைவேறியது.

நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ஹன்டர்ஸ் பாயிண்ட் நூலகம் 2019 செப்டம்பரில் திறக்கப்பட்டது. ஸ்டீவன் ஹால் வடிவமைத்தது. செலவு 4 கோடி டாலருக்கு மேல். ஆற்றுக்கு அக்கரையில் உள்ள மன்ஹாட்டன் தெரியும்படி சுவரில் பெரிய பெரிய திறப்புகள். விமர்சகர்கள் வாயாரப் புகழ்ந்தார்கள். புனைகதை நூல்கள் மூன்று படிநிலைகளில் வைக்கப்பட்டிருந்தன. அங்கே போகப் படிக்கட்டு மட்டும்தான். சக்கர நாற்காலியில் வந்தவர் கீழே நின்று அண்ணாந்து பார்க்கலாம். ஊழியரிடம் கேட்டால் எடுத்துத் தருவார்கள் என்று சமாதானம் சொல்லப்பட்டது. அலமாரியில் விரலை ஓடவிட்டு எதிர்பாராத ஒரு நூலை எடுப்பதுதான் நூலகத்தின் சுகம் என்பது அந்தச் சமாதானத்தில் விட்டுப்போயிற்று. மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் அந்த நாட்டில் வந்தது 1990இல். நூலகம் திறந்த இரண்டே மாதத்தில் வழக்கு வந்தது. நூல்களை இடம் மாற்றினார்கள்.

மூன்றாவது பாடம் இங்கிலாந்தில். பர்மிங்காம் நூலகத்தை 2013 செப்டம்பரில் மலாலா யூசுப்சாய் திறந்துவைத்தார். செலவு ஏறத்தாழ 18 கோடியே 90 லட்சம் பவுண்டு. கட்டடத்தில் குறை சொல்ல முடியாது. 2015இல் நகராட்சிக்கு நிதி நெருக்கடி. வாரத்துக்கு 73 மணி நேரம் திறந்திருந்த நூலகம் 40 மணி நேரமாகச் சுருங்கியது; ஊழியர்களில் பாதிப் பேர் வரை வெளியேற வேண்டியிருந்தது. கட்டடத்தில் ஒரு செங்கல்கூடக் குறையவில்லை. வாசகருக்கு மட்டும் நூலகம் ஏறக்குறைய பாதியாயிற்று.

மூன்று ஊர்கள், மூன்று சறுக்கல்கள். ஒன்றில் நூல் எட்டவில்லை, ஒன்றில் உடல் எட்டவில்லை, ஒன்றில் நேரம் எட்டவில்லை. ரங்கநாதன் முதல் விதியின் கீழ் எழுதிய பட்டியலை ஒருமுறை புரட்டியிருந்தால் மூன்றுமே முன்கூட்டித் தெரிந்திருக்கும்.

சறுக்காத உதாரணமும் இருக்கிறது. பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் 'ஓடி' மைய நூலகம் 2018 டிசம்பர் 5 அன்று, அந்நாட்டுச் சுதந்திர நாளுக்கு முந்தைய நாள் திறக்கப்பட்டது. நாடாளுமன்றத்துக்கு நேர் எதிரே இடம் ஒதுக்கினார்கள். மேல்தளம்தான் நூல்களின் தளம். சுமார் ஒரு லட்சம் நூல்கள். நடுத்தளத்தில் தையல் இயந்திரம், முப்பரிமாண அச்சு இயந்திரம், இசைப் பதிவு அறைகள். கீழ்த்தளத்தில் திரையரங்கும் உணவகமும். வாரநாட்களில் இரவு 9 மணி வரை திறந்திருக்கும். பாவாடையின் ஓரம் தைக்க வந்தவர் நூலகத்துக்குள் நிற்கிறார் என்பதைப் பற்றி அங்கே யாரும் கவலைப்படவில்லை. ஆனால் படம் எடுத்துப் போடுகிறவர்கள் சொல்லாமல் விடும் செய்தி ஒன்று உண்டு. அந்த நகரில் பேட்டைக்குப் பேட்டை கிளை நூலகங்கள் ஒழுங்காக நடக்கின்றன. மைய நூலகம் அந்த மரத்தின் உச்சி; வேர் கிளைகளில் இருக்கிறது.

இனி நம் கதை. அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது. 2011 நவம்பரில், நூலகத்தைக் கல்வித் துறை அலுவலகங்கள் உள்ள டி.பி.ஐ. வளாகத்துக்கு மாற்றிவிட்டு இந்தக் கட்டடத்தைக் குழந்தைகளுக்கான உயர் சிறப்பு மருத்துவமனையாக்கப் போவதாக அரசு அறிவித்தது. தேர்ந்தெடுத்த மாற்று அப்படி. நூலகம் வேண்டும் என்று குரல் கொடுப்பவர் நோயுற்ற குழந்தைகளுக்கு எதிராகப் பேசுபவராகத் தெரிய வேண்டும். சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நூல்களின் எடையைத் தாங்கும்படி கட்டிய தளங்களில் அறுவை அரங்கு எப்படி வரும் என்று பொறியாளர்கள் கேட்டிருக்கலாம். அறிவிப்புக்கு அது அவசியமாகப்படவில்லை. 2012இல் நூலகத்தின் அரங்கம் திருமண வரவேற்புக்கு விடப்பட்ட விஷயமும் நீதிமன்றத்துக்குப் போயிற்று. சமுதாயக் கூடம் என்ற சொல்லை அதன் முழுப் பொருளில் எடுத்துக்கொண்டார்கள் போலும்.

தடை கட்டடத்தைக் காப்பாற்றியது. நூலகத்தைக் காப்பாற்றுவது வேறு வேலை. நூல் வாங்குவது, ஊழியர் நியமிப்பது, கழிப்பறையைச் சுத்தமாக வைப்பது எல்லாம் அடுத்து வந்த ஆண்டுகளில் நீதிமன்றத்தில் வாதிட வேண்டிய விஷயங்களாயின. குளிர்சாதனத்தை நம்பி மூடிக் கட்டிய எந்தக் கட்டடத்துக்கும் இந்த ஆபத்து உண்டு. பராமரிப்பு நிதியில் கை வைத்தால் அது கோப்பில் ஓர் எண்ணாகத் தெரியும். வாசகருக்கு வியர்வையாகத் தெரியும். ஒரு நூலகத்தை மூடுவதற்கு ஆணை தேவையில்லை. மின்தூக்கி பழுதாகட்டும், தண்ணீர் வராமல் இருக்கட்டும், விளக்குகளில் பாதி எரியாமல் போகட்டும். வாசகர்கள் தாமாகவே குறைவார்கள். பிறகு, ஆள் வராத நூலகத்துக்கு ஏன் செலவு என்று கேட்கலாம்.

மதுரையில் 2023 ஜூலை 15 அன்று கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. இரண்டு லட்சம் சதுர அடிக்கு மேல். நல்ல காரியம். தென்மாவட்டத்துப் பிள்ளைகள் அங்கேயும் காலையிலேயே இடம் பிடிக்கிறார்கள். மற்ற பெருநகரங்களுக்கும் இப்படி நூலகங்கள் வருவதை வரவேற்க வேண்டும். ஆனால் ஒரு தலைவர் பெயரில் எழும் நூலகத்துக்கு இன்னொரு தலைவர் காலத்தில் என்ன ஆகும் என்ற கேள்வியை 2011 நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. கல்வெட்டில் பெயர் இருப்பதால் கட்டடம் வந்தது. அதே பெயர் இருப்பதால் ஆபத்தும் வந்தது. தெருமுனையில் உள்ள கிளை நூலகத்தில் யார் பெயரும் பெரிதாக இல்லை. அதனால் அதை இடிக்க யாரும் வரவில்லை. வெள்ளையடிக்கவும் யாரும் வரவில்லை.

அந்தக் கிளை நூலகத்துக்குள் போய்ப் பார்க்கலாம். பெரும்பாலும் ஒரே அறை, சில இடங்களில் வாடகைக் கட்டடம். கம்பிக் கதவு. நுழைந்ததும் வருகைப் பதிவேடு, நூல் கட்டித் தொங்கவிட்ட பேனா. நீள மேசையில் ஒரே நாளிதழ் தாள் தாளாகப் பிரிந்து நான்கு பெரியவர்களிடம் இருக்கும். 'அண்ணே, அந்த நடுப்பக்கம் முடிஞ்சுதுன்னா இப்படித் தள்ளுங்க' என்ற குரல் வரும். சுவரில் புரவலர் பெயர்ப்பலகை. மூலையில், இடமில்லாமல் கட்டுப் பிரிக்காத நூல்கள். மேசையின் ஒரு கோடியில் வேலை தேடும் இளைஞர் ஒருவர் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருப்பார். பதினொரு மணி ஆனதும், சாத்தப் போறோம் சார் என்று நூலகர் எழுந்திருப்பார். மாலைதான் மறுபடி திறப்பு. சில ஊர்களில் ஒரே நூலகர் இரண்டு கிளைகளைப் பார்த்துக்கொள்கிறார். அவர் ஒன்றில் இருக்கும்போது மற்றது பூட்டியிருக்கும். நூலகத் துறையின் கணக்கில் தமிழ்நாட்டில் 4,600க்கும் மேற்பட்ட நூலகங்கள் உண்டு. அவற்றில் ஒரு பிரிவின் பெயரே பகுதிநேர நூலகம். வாசகர் முழுநேரம் வேலையில்லாதவராக இருப்பார். நூலகம் பகுதிநேரம்தான் இருக்கும்.

ஒரு பெண் எவ்வளவு நேரம் அங்கே படிப்பார் என்பதை அலமாரியும் அட்டவணையும் தீர்மானிப்பதில்லை. கழிப்பறை தீர்மானிக்கிறது. இல்லை என்றால் இரண்டு மணி நேரம். இருந்து பூட்டியிருந்தாலும் இரண்டு மணி நேரம். நூலகத்தில் பெண் வாசகர்கள் குறைவு, பெண்களுக்கு வாசிப்பில் ஆர்வமில்லை என்று கருத்தரங்கில் கட்டுரை வாசிப்பவர்கள் அந்தக் கதவையும் ஒருமுறை தள்ளிப் பார்க்கலாம்.

கிராமத்தில் கேள்வி இன்னும் முன்னால் தொடங்குகிறது. 2006ஆம் ஆண்டுக்குப் பிறகு, அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ் ஊராட்சிதோறும் நூலகம் கட்டப்பட்டது. 12,000க்கும் மேற்பட்ட ஊராட்சிகள் உள்ள மாநிலத்தில் அது சாதாரண முயற்சியல்ல. அவற்றில் பல பிறகு பூட்டிக் கிடந்தன. கட்டடத்துக்கு நிதி ஒதுக்கியவர்கள் தினமும் சாவி எடுத்துத் திறப்பவரின் சம்பளத்துக்கு அதே அக்கறையோடு வழி செய்யவில்லை. அதற்கும் முன்னால் ஒரு முடிவு இருக்கிறது: நூலகம் ஊருக்குள் வருகிறதா, காலனிக்குள் வருகிறதா, இரண்டுக்கும் பொதுவான சாலையில் வருகிறதா? எந்தத் தெருவில் அஸ்திவாரம் தோண்டுகிறார்களோ அதுவே யார் வருவார், யார் தயங்குவார் என்பதை முடிவு செய்துவிடுகிறது. வரைபடத்தில் முதல் கோடு விழுவதற்கு முன்பே பாதிக் கட்டடக் கலை முடிந்துவிடுகிறது.

ஆகவே அடுத்த முறை ஒரு நூலகம் திறக்கப்படும் செய்தியைப் படிக்கும்போது சதுர அடியைப் பார்த்து மயங்க வேண்டாம். எத்தனை மணி வரை திறந்திருக்கும், பேருந்து நிறுத்தம் எவ்வளவு தூரம், சக்கர நாற்காலி கடைசி அலமாரி வரை போகுமா, ஐந்தாம் ஆண்டில் பராமரிப்புக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். நல்ல நூலகக் கட்டடம் என்பது இந்தக் கேள்விகளுக்கான பதில். எஞ்சியது முகப்பு.

இதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றிய மாகாணம் சென்னை, ஆண்டு 1948. அந்தச் சட்டம் நூலக வரியையும் கொண்டுவந்தது. இன்று சொத்து வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 பைசா நூலகத்துக்கென்று வசூலாகிறது. வீட்டில் உள்ள சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வாடகை வீட்டில் இருப்பவருக்கு ரசீது கிடையாது. வாடகைக்குள் அந்த வரி இருக்கிறது. இந்த வாரம் உங்கள் கிளை நூலகத்துக்குப் போய்ச் சற்று நேரம் உட்காருங்கள். உட்கார முடியவில்லை என்றால் ஏன் முடியவில்லை என்று வாசகர் வட்டத்தில் பேசுங்கள். மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதுங்கள். தயக்கம் வேண்டாம். அந்த நாற்காலிக்கான பணத்தை நீங்கள் ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள்.